ஃபிளாஸ்க்குக்குள்ள ஒரு சண்டை

போன மே லீவுக்கு அக்கா பையன் கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தான். ஒம்பதாவது முடிச்சு பத்தாவது போறான், விண்வெளிப் படம், சீரிஸ் எதையும் விடாம பாக்குறவன். எனக்கு எல்லநள்ளில ஒரு லேசர் கட்டிங் கடை இருக்கு, ஊட்டி குன்னூர் ரோட்டு மேலயே. ஹோம்ஸ்டேக்கு பேர்ப்பலகை, கல்யாணத்துக்கு குடுக்குற மர கிஃப்ட், டீ ஃபேக்டரிக்கு அக்ரிலிக் போர்டு, இந்த மாதிரி வேலை. "எங்க மாமாகிட்ட 80 வாட் லேசர் இருக்கு"ன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான். வந்த மறுநாளே கடைக்கு வந்து ஸ்டூல இழுத்துப் போட்டு மெஷின் முன்னாடி உக்காந்துட்டான். நான் ஒரு தேக்குப் பலகைய வச்சு, ஃபோகஸ் செட் பண்ணி, மூடிய இறக்கி ஸ்டார்ட் அமுக்குனேன். ஹெட் அங்கயும் இங்கயும் ஓடுது, எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம், பலகை மேல மிளகு அளவுக்கு ஒரு ஆரஞ்சு பொறி, அதுல இருந்து நூல் மாதிரி புகை. அவ்ளோதான். அஞ்சு நிமிஷம் பொறுமையா பாத்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாமா, லேசர் எங்க?"ன்னு கேட்டான்.

அன்னிக்கு நான் சொன்ன பதில் பாதிதான். மீதிய இங்க எழுதுறேன்.

நான் 11 வருஷமா இந்த மெஷினோட இருக்கேன், விண்வெளிக் கதை அதுக்கும் இருபது வருஷம் முன்னாடியே படிக்க ஆரம்பிச்சது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறப்போ ஒரு விஷயம் என்னை விடவே இல்ல. கதைல, படத்துல வர்ற லேசர் துப்பாக்கில நூத்துக்கு தொண்ணூறு லேசரே இல்ல. பச்சையாவோ செவப்பாவோ ஒரு ஒளித்துண்டு, டியூப்லைட்ட தூக்கி எறிஞ்ச மாதிரி பறந்து போகும், அதுக்கு ஒரு சத்தம் இருக்கும், அது வர்றத பாத்து ஹீரோ கப்பல டக்குனு திருப்பிருவான், பட்டா வெடிக்கும். நெஜ லேசர் இதுல ஒண்ணையும் செய்யாது. நெஜ லேசர நெஜமாவே ஆயுதமா வச்சு விண்வெளிச் சண்டை எழுதுனவங்க ரொம்ப ரொம்ப கம்மி. எழுதுறவங்களுக்கு சயின்ஸ் தெரியலன்னு சிலபேர் சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். நல்லா தெரிஞ்சவங்களே லேசர ஒதுக்கித்தான் வச்சிருக்காங்க. அதுக்கு காரணம் லேசருக்குள்ளயே இருக்கு.

மொதல்ல பையன் கேட்டதுக்கு வருவோம். என் மெஷின்ல இருக்குறது கார்பன் டை ஆக்சைடு லேசர். இத 1964ல அமெரிக்கால பெல் லேப்ஸ்ல கண்டுபுடிச்சவர் குமார் பட்டேல், நம்ம மகாராஷ்டிரால பாராமதில பொறந்தவர், எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல, எனக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லணும்போல இருக்கும். இதோட ஒளியோட அலைநீளம் 10.6 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்), கண்ணுக்குத் தெரியுற ஒளிய விட ரொம்ப தள்ளி இருக்குற இன்ஃப்ரா ரெட். மனுஷக் கண்ணுக்கு இருட்டுதான். இதுல ஒரு அழகு என்னன்னா, நமக்கு கண்ணாடி மாதிரி பளிச்சுனு தெரியுற அக்ரிலிக் இந்த ஒளிக்கு செவுரு மாதிரி, உள்ள விடாது. அதனாலதான் அக்ரிலிக் மூடி வழியா பாத்துக்கிட்டே நான் பயமில்லாம வேலை பாக்குறேன்.

"சரி மாமா, பச்சை லேசரா இருந்தா தெரியும்ல?" அப்டின்னான். நியாயமான கேள்வி. கடைல கார்பென்டர் வேலைக்கு வச்சிருக்குற லேசர் லெவல் ஒண்ணு இருக்கு, பச்சைக் கலர். சாயங்காலம் அஞ்சரைக்கு கேத்தி பள்ளத்தாக்குல இருந்து மிஸ்டு ஏறி வந்துச்சு, எதுத்தாப்புல எங்க கோடவுன் செவுரே தெரியல. லெவல எடுத்து வாசல்ல வச்சு ஆன் பண்ணேன். அப்படியே படத்துல வர்ற மாதிரி பச்சையா ஒரு தகடு, காத்துல நெளிஞ்சு நெளிஞ்சு, மிஸ்டு கனமா வர்ற எடத்துல கெட்டியாவும் லேசா இருக்குற எடத்துல மங்கியும். பையனுக்கு வாயெல்லாம் பல்லு. கால் மணி நேரத்துல மிஸ்டு நகந்துருச்சு. தகடும் போயிருச்சு. கோடவுன் செவுத்துல ஒரு பச்சைக் கோடு மட்டும் நின்னுச்சு, நடுவுல ஒண்ணுமே இல்ல.

ராத்திரில மேட்டுப்பாளையத்துல இருந்து மலையேறி வந்தவங்களுக்கு இது புதுசு இல்ல. கல்லார்ல வண்டி லைட்டு ரோட்டுல மட்டும் விழும், பர்லியார் தாண்டி காட்டேரிகிட்ட மேகத்துக்குள்ள நுழைஞ்சா லைட்டே ரெண்டு தூண் மாதிரி முன்னாடி நிக்கும். லைட்டு மாறல, நடுவுல தண்ணித் துளி வந்திருக்கு, அதுல பட்டு செதறுன ஒளி நம்ம கண்ணுக்கு வருது. ஒளி நம்மள தாண்டி பக்கவாட்டுல போச்சுன்னா அத பாக்கவே முடியாது, எதுலயாவது பட்டு நம்ம பக்கம் திரும்பணும். விண்வெளில பட்டுத் திரும்ப எதுவும் கிடையாது. அங்க பத்து லட்சம் வாட் லேசர் உங்க மூக்குக்கு ஒரு அடி முன்னாடி போனாலும் உங்களுக்குத் தெரியாது.

1898ல புத்தகமா வந்த எச்.ஜி.வெல்ஸோட செவ்வாய்க்காரங்க கதைல ஒரு வெப்பக்கதிர் வரும், அது கண்ணுக்குத் தெரியாது. லேசர் பொறக்குறதுக்கு 62 வருஷம் முன்னாடி! மைமன் ரூபி கல்ல வச்சு முதல் லேசர ஒளிர வச்சது 1960 மே 16. அதுக்கு முன்னாடியே வெல்ஸ் சரியா எழுதிட்டாரு. ஏன்னா அவரு எழுத்துல எழுதுனாரு. மரம் பத்திக்குது, ஆள் பத்திக்குறான்னு வரிசையா எழுதுனா போதும், கதிர நாமளே மனசுல போட்டுக்குவோம். படத்துக்கு அது ஆகாது. திரையில ரெண்டு கப்பல் சும்மா நிக்குது, திடீர்னு ஒண்ணு செவக்குதுன்னா யாரு சுட்டா, எங்க இருந்து சுட்டான்னு ஒருத்தருக்கும் புரியாது. அதனால கோடு வேணும். கோடு வந்தா சத்தம் வேணும். 1977ல ஸ்டார் வார்ஸுக்கு சவுண்டு பண்ண பென் பர்ட், ஒரு டவர இழுத்துக் கட்டுன இரும்புக் கம்பிய சுத்தியால தட்டி அந்த சத்தத்த எடுத்தாரு. உலகம் பூரா கொழந்தைங்க வாயால போடுற லேசர் சத்தம் உண்மைல ஒரு கம்பியோட சத்தம்.

ஆனா கோடு தெரியாதது மட்டும் பிரச்னைன்னா அத சுலபமா சமாளிச்சிருப்பாங்க. பெரிய பிரச்னை நேரம்.

ஒரு நாள் ராத்திரி பையனோட உக்காந்து ஒரு சண்டை சீன ஸ்லோவா ஓட்டிப் பாத்தோம். ஒளித்துண்டு ஒரு கப்பல்ல இருந்து அடுத்ததுக்கு போக அரை செகண்டு ஆகுது. நடுவுல 200 மீட்டர் இருக்கும்னு வைங்க, செகண்டுக்கு 400 மீட்டர். சாதா ராணுவ ரைபிள் குண்டே செகண்டுக்கு 700 மீட்டருக்கு குறையாது. நெஜ ஒளி செகண்டுக்கு 2,99,792 கிலோமீட்டர். இங்க ஊட்டில ஸ்விட்ச் போட்டா நேர்கோட்டுல 430 கிலோமீட்டர் தள்ளி இருக்குற சென்னைக்கு ஒரு செகண்டுல 700ல ஒரு பங்கு நேரத்துல போயிரும்.

வேகமா போகுதுன்னா நல்லதுதான, ஆயுதம்னா வேகம் வேணும்லன்னு கேக்கலாம். சண்டை போடுறவனுக்கு நல்லதுதான். கதை சொல்றவனுக்கு அங்கதான் கழுத்துல கத்தி. யோசிச்சுப் பாருங்க, சண்டைக் கதைல நம்ம மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குற எடம் எது? அம்பு வில்ல விட்டுருச்சு, இன்னும் மார்ல படல. அந்த எடம். நாகாஸ்திரம் சீறிக்கிட்டு வருது, கண்ணன் தேர அழுத்துறான், அஸ்திரம் கிரீடத்த தட்டிட்டு போகுது. கர்ணனோட வாழ்க்கை, குந்திக்கு குடுத்த சத்தியம், சல்லியன் சொன்னத கேக்காத பிடிவாதம் எல்லாம் அந்த அம்பு வந்துக்கிட்டு இருக்குற நேரத்துலதான் நமக்கு மனசுல ஓடுது. கூத்துல அந்த எடத்த அரை மணி நேரம் இழுப்பாங்க. லேசர் வச்சு அத எழுத முடியுமா? விட்டான், செத்தான். நடுவுல ஒரு எழுத்துக்கு எடமில்ல.

இன்னொண்ணும் இருக்கு, இத நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் உணர்ந்தேன். ஒளிய விட வேகமா எதுவும் போகாது, சேதியும் போகாது. அப்ப எதிரி சுட்டுட்டான்ங்குற சேதியே அந்த அடியோடதான் வந்து சேரும். எந்த ராடாரும் முன்கூட்டி சொல்ல முடியாது. "வருது, வருது"ன்னு கத்துறதுக்கு ஒரு ஆள் கப்பல்ல இருக்கவே முடியாது. கத்துற ஆள் இல்லாம, குனியுற ஆள் இல்லாம, கடைசி செகண்டுல குறுக்க பாயுற ஆள் இல்லாம என்ன சண்டைக் காட்சி எழுதுறது?

சரி, அப்ப தூரத்த கூட்டிக்கலாமே. நெலா தூரத்துல இருந்து சுட்டா ஒளி வர 1.28 செகண்டு ஆகும்ல, இடைவெளி கெடச்சிரும்ல. ஆமா, கெடைக்கும். எதிரிக் கப்பல் 3 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க. நீங்க பாக்குறது ஒரு செகண்டு முன்னாடி அது இருந்த எடம், நீங்க சுடுற ஒளி போக இன்னொரு செகண்டு, மொத்தம் ரெண்டு செகண்டு பழசு. அதுக்குள்ள அந்தக் கப்பல் நம்ம பூமி ஈர்ப்பு அளவுக்கு ஒரு உந்து உந்துனா 20 மீட்டர் நகந்திருக்கும். எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாது. அட, இது நல்ல கதையால்ல இருக்கு, ரெண்டு பேரும் அடுத்தவன் மனச கணிச்சு ஆடுற ஆட்டம். நான் இத வச்சு ஒரு சிறுகதை ஆரம்பிச்சு எட்டு பக்கம் எழுதுனேன். எட்டாவது பக்கத்துல என் சொந்த மெஷின் ஞாபகம் வந்து பேனாவ வச்சுட்டேன்.

என் மெஷின் 80 வாட். வீட்டுல சுத்துற சீலிங் ஃபேன் தின்னுற அளவுதான். அது எப்படி தேக்க அறுக்குது? லென்ஸ் அத்தனையையும் 0.2 மில்லிமீட்டர் புள்ளிக்குள்ள குவிக்குது, அந்தப் புள்ளில மத்தியான வெயில விட சுமார் 25 லட்சம் மடங்கு. பலம் வாட்ல இல்ல, குவியல்ல இருக்கு. ஜூன் ஜூலை மழைக்கு பலகை ஈரம் குடிச்சு நடுவுல மூணு மில்லிமீட்டர் வளைஞ்சு தூக்கிக்கும், அவ்ளோ போதும், ஓரத்துல அழகா அறுத்த அதே ஒளி நடுவுல வந்தா வெறும் கரியப் பூசிட்டு போகும். மூணு மில்லிமீட்டருக்கே இந்தக் கதி.

விண்வெளில லென்ஸ ஒழுங்கா வச்சா போதாதா? போதாது. ஒளி ஒரு அலை, எவ்ளோ சுத்தமான கண்ணாடி வச்சு அனுப்புனாலும் போகப் போக விரியும், அனுப்புற வாய் சின்னதா இருந்தா இன்னும் சீக்கிரம் விரியும். இது செய்யுறவன் திறமைல இருக்குற குறை கிடையாது, இயற்கையோட கணக்கு. இதே கணக்க நீலகிரில ஒரு மலைச்சரிவு பூரா கட்டி வச்சிருக்காங்க. ஊட்டிகிட்ட முத்தோரைல இருக்குற ரேடியோ டெலஸ்கோப், 1970ல கோவிந்த் ஸ்வரூப் தலைமைல கட்டுனது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1100 எவர்சில்வர் கம்பி நீட்டுக்கு இழுத்துக் கட்டிருக்கும். சரிவு 11 டிகிரி, ஊட்டியோட அட்சரேகையும் அதே அளவு, அதனால டெலஸ்கோப்போட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா நிக்குது. எதுக்கு அரை கிலோமீட்டர்? அது கேக்குற அலையோட நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். அவ்ளோ நீள அலைய வச்சு வானத்துல ஒரு சின்ன எடத்த மட்டும் குறிவச்சுக் கேக்கணும்னா வாய் அவ்ளோ பெருசா இருக்கணும். கேக்குறதுக்கு எந்தக் கணக்கோ சுடுறதுக்கும் அதே கணக்கு. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்போ எனக்கு அது கம்பிவேலி மாதிரிதான் தெரிஞ்சுது. இப்ப அந்தப் பக்கம் வண்டில போனாலே ரெண்டு நிமிஷம் நிறுத்திப் பாக்காம போறதில்ல.

இத லேசருக்கு போட்டுப் பாருங்க. 1 மைக்ரான் ஒளி, 1 மீட்டர் கண்ணாடி, பத்து லட்சம் வாட் பலம். 1000 கிலோமீட்டர்ல புள்ளி சுமார் 2.4 மீட்டர் அகலம் ஆயிரும். இன்னும் காய்ச்சும்தான், வெயில விட 200 மடங்கு இருக்கும், ஆனா டமால்னு வெடிக்காது, அடுப்புல வச்ச தோசைக்கல்லு மாதிரி நேரம் எடுத்து காயும், அதுவரைக்கும் அதே எடத்துல புள்ளிய அசையாம புடிக்கணும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு போனா புள்ளி 240 மீட்டருக்கு மேல. சதுர மீட்டருக்கு 20 வாட் சொச்சம். விண்வெளில பூமிகிட்ட சூரியன் சும்மாவே 1361 வாட் குடுக்குது. அப்ப உங்க பிரம்மாண்ட ஆயுதம் வெயில்ல அறுபதுல ஒரு பங்கு. எதிரிக்கு குளிர் கூட விடாது. 1969ல அப்பல்லோ 11 நெலால வச்சுட்டு வந்த கண்ணாடிக்கு இன்னிக்கும் பூமில இருந்து லேசர் அடிச்சு தூரம் அளக்குறாங்க, அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அது கிலோமீட்டர் கணக்குல விரிஞ்சிருது.

என் கதை நின்னது இங்கதான். கிட்டக்க போனா லேசருக்கு பலம் இருக்கு, கதைக்கு இடைவெளி இல்ல. தூரம் போனா கதைக்கு இடைவெளி இருக்கு, லேசருக்கு பலம் இல்ல. பத்து மீட்டர் கண்ணாடி போட்டா பத்து மடங்கு தள்ளிப்போடலாம், ஆனா அவ்ளோ பெரிய கண்ணாடிய சண்டைல நீட்டிக்கிட்டு நிக்கணும், என் மெஷின்ல லென்ஸ் மேல ஒரு துளி பிசின்கரி படிஞ்சாலே சூடாகி விரிசல் விட்டுரும்.

இதெல்லாம் வீட்டுல சாப்புடுறப்போ பேசிக்கிட்டு இருந்தேன். அப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரில 34 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். துப்பாக்கி, பீரங்கிக்கு உள்ள போடுற மருந்து அங்க தயாராகுது, 1900களோட ஆரம்பத்துல வந்த ஃபேக்டரி, எங்க ஊரு காலைல எந்திரிக்கிறது, சாப்புடுறது எல்லாமே அந்த சங்குக்குத்தான். இன்னிக்கும் அப்பா சட்டைப்பைல தீப்பெட்டி வச்சுக்க மாட்டாரு. அவருக்கு விண்வெளிப் படமெல்லாம் பழக்கமில்ல. அவரு கேட்ட ஒரே கேள்வி: "அதெல்லாம் சரிடா, உன் லேசர்ல சூடு எங்க போகுது?"

நான் சில்லர் இருக்குப்பா, தண்ணிய குளிர வைக்குற மெஷின், சூட்ட தண்ணி எடுத்துட்டு போகும்னேன்.

"துப்பாக்கில மருந்து எரியுது, அந்த சூட்டுல முக்காவாசி புகையோடயும் குண்டோடயும் வெளிய போயிரும். குழாய் கொஞ்சம் காயும், அவ்ளோதான். உன்னுது உள்ளயே இல்ல நிக்குது."

அதுக்கு மேல அவரு ஒண்ணும் சொல்லல, தட்ட எடுத்துட்டு எந்திரிச்சுட்டாரு. நான் கை காய உக்காந்திருந்தேன்.

11 வருஷமா தெனம் பாக்குற விஷயம். 80 வாட் லேசர் வெளிய வரணும்னா மெஷின் கிட்டத்தட்ட 800, 900 வாட் கரண்ட் இழுக்கும். மிச்சம் பூரா சூடு. அந்தக் கண்ணாடிக் குழாய சுத்தி தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், 20 டிகிரில நிக்கணும், 28ஐ தாண்டுனா அலாரம் அடிச்சு நானே நிறுத்திருவேன், இல்லன்னா குழாய் போயிரும். ஜனவரில வேற மாதிரி, ராத்திரி உறைபனி விழுந்தா தண்ணி உள்ளயே கட்டியாகி குழாய் வெடிச்சிரும், அதனால கடைய சாத்துறதுக்கு முன்னாடி தண்ணிய வடிச்சு விட்டுட்டுத்தான் போவேன். டிசம்பர் மாசம் கஸ்டமருங்க பலகைய வாங்கிட்டு கெளம்பாம சில்லர் காத்து வர்ற பக்கம் நின்னு கைய காட்டிக்கிட்டு இருப்பாங்க. அந்த சூட்ட வாங்கிக்க இங்க காத்து இருக்கு, மலை இருக்கு.

விண்வெளில? அப்பா ஷிஃப்டுக்கு போறப்போ டீ கொண்டு போவாரே ஒரு ஃபிளாஸ்க்கு, செவப்புக் கலர், அம்மா அதுல துணி உறை தெச்சுப் போட்டிருந்தாங்க. காலைல ஊத்துன டீ மத்தியானம் நாக்க சுடும். ரெண்டு கண்ணாடிச் செவுரு, நடுவுல வெற்றிடம், சூடு வெளிய போக வழியில்ல. விண்கப்பல சுத்தி இருக்குறதும் அதே வெற்றிடம்தான். விண்வெளி குளிர்னு எல்லாரும் சொல்லுவாங்க, சூட்ட தூக்கிக்கிட்டு போக அங்க காத்து இல்ல, தண்ணி இல்ல. கப்பல் ஒரு ஃபிளாஸ்க்குக்குள்ள இருக்கு.

இத தேடிப் படிச்சப்போதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, ரெண்டு நாளைக்கு யாரப் பாத்தாலும் அதையே சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். ஃபிளாஸ்க்க 1892ல கண்டுபுடிச்சவர் ஜேம்ஸ் டூவர். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1889ல, ஃபிரெடரிக் ஏபெலோட சேர்ந்து அவரு கண்டுபுடிச்சது கார்டைட். ஒரே ஆள்! எங்கப்பா 34 வருஷம் ஒரு கைல அந்த மனுஷனோட ஃபிளாஸ்க்க புடிச்சுக்கிட்டு, அவரோட மருந்த செய்யுற எடத்துக்கு நடந்து போயிருக்காரு. விண்வெளிச் சண்டைல லேசர் ஏன் ஜெயிக்கல, குண்டு ஏன் ஜெயிச்சுதுங்குறதும் அந்த ரெண்டு பொருளுக்கு நடுவுலதான் இருக்கு.

கார்டைட் எரிய காத்து வேணாம், ஆக்சிஜன் அந்த மருந்துக்குள்ளயே இருக்கு, வெற்றிடத்துலயும் சுடும். சோவியத்காரங்க சல்யூட் 3 விண்வெளி நிலையத்துல நெஜமாவே ஒரு பீரங்கிய மாட்டி அனுப்பி, 1975 ஜனவரில ஆள் இல்லாத நேரத்துல கீழ இருந்து இயக்கி சுட்டுப் பாத்தாங்க. விண்வெளில சுட்ட பீரங்கி தோட்டா போட்டதுதான், லேசர் கிடையாது. லேசர் போட்ட ராணுவ நிலையத்துக்கு அவங்க செஞ்ச முன்மாதிரி, போல்யூஸ், 1987 மே மாசம் கெளம்புச்சு, திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாம பசிபிக் கடல்ல விழுந்துச்சு.

அப்பா கேட்ட கேள்விய கப்பலுக்கு போடுவோம். பத்து லட்சம் வாட் லேசர், மூணுல ஒரு பங்கு திறன்னு தாராளமாவே வச்சுக்கிட்டாலும், இருபது லட்சம் வாட் சூடு கப்பலுக்குள்ள தங்குது. இத வெளிய தள்ள ஒரே வழி, பெரிய பெரிய தகட்ட விரிச்சு வச்சு அதுல இருந்து இன்ஃப்ரா ரெட்டா கசிய விடுறது. சர்வதேச விண்வெளி நிலையத்துல வெள்ளையா மடிப்பு மடிப்பா தொங்குமே, சோலார் பேனல் இல்ல, அதுக்கு குறுக்க இருக்குமே, அதான் ரேடியேட்டர். கால்பந்து மைதானம் அளவு நிலையம் அது, அம்மோனியாவ ஓட விட்டு அது தள்ளுறது அதிகபட்சம் 70 ஆயிரம் வாட். நமக்கு வேண்டியது அதுல 28 மடங்கு. நம்ம ரூம் சூட்டுலயே தகட்ட வச்சா ஒரு ஏக்கருக்கு மேல தகடு வேணும், ரெண்டு பக்கமும் கசிஞ்சா அரை ஏக்கர். 1000 கெல்வின், அதாவது 700 டிகிரிக்கு மேல, காய விட்டா 35 சதுர மீட்டர்ல முடிச்சிரலாம், ஆனா அப்ப அது செக்கச்செவேல்னு ஒளிரும், எதிரி எங்க இருந்தாலும் உங்களப் பாத்துருவான். அந்தத் தகட்டுல ஓட்டை விழுந்துச்சுன்னா உங்க துப்பாக்கி ஊமை.

இப்படி ஒரு கப்பல எத்தனை படத்துல பாத்திருக்கோம்? 1968ல வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு கப்பல் வரைஞ்சப்போ மொதல்ல ரேடியேட்டர் வச்சுத்தான் வரைஞ்சாங்க, ஜனங்க அத றெக்கைன்னு நெனச்சு விண்வெளில எதுக்கு றெக்கைன்னு கேப்பாங்கன்னு எடுத்துட்டாங்க. எனக்கு இதுல மனத்தாங்கல் உண்டு. வச்சிருக்கணும். ஒரு தலைமுறையே கேட்டுத் தெரிஞ்சிருக்கும்.

பூமில லேசர் ஆயுதம் நெஜமாவே வந்துருச்சு, அதையும் சொல்லிரணும். அமெரிக்காக்காரங்க 747 விமானத்து மூக்குல ஒரு ரசாயன லேசர வச்சு 2010 பிப்ரவரில பறக்குற ஏவுகணைய வீழ்த்துனாங்க, அடுத்த வருஷமே அந்தத் திட்டத்த மூடிட்டாங்க. 2014ல அவங்க கடற்படைக் கப்பல் யூஎஸ்எஸ் பான்ஸ்ல லேசர் ஏறுச்சு. நம்ம ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் டிஆர்டிஓ 2025 ஏப்ரல் 13 கர்னூல்ல 30 கிலோவாட் லேசரால ட்ரோன சுட்டு விழ வச்சுது, அந்த வீடியோவ நான் எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கில்ல. அதுலயும் கோடு கெடையாது. ட்ரோன் பறந்துக்கிட்டே இருக்கு, ஒரு எடத்துல வெளிச்சம், அப்புறம் பத்திக்கிட்டு கீழ வருது. என் கடைல நடக்குற அதே வேலை, பலகைக்கு பதிலா ட்ரோன்.

கதைக்காரங்க இதுக்கு கண்டுபுடிச்ச வழி ரெண்டு. ஒண்ணு, பேர மாத்திட்டாங்க. ஸ்டார் ட்ரெக்கோட முதல் பைலட் எபிசோட்ல லேசர்னுதான் சொன்னாங்க, 1966ல தொடரா வர்றப்போ ஃபேசர்னு ஆக்கிட்டாங்க, லேசரால என்ன முடியும் என்ன முடியாதுன்னு சீக்கிரமே ஜனங்களுக்கு தெரிஞ்சுபோகும்னுதான் அப்படி. புத்திசாலித்தனம், தப்பே சொல்ல மாட்டேன், இல்லாத பொருளுக்கு இல்லாத விதி போட்டுக்கலாம். ரெண்டாவது வழி, லேசர விட்டுட்டு எங்கப்பா பக்கம் வந்துட்டாங்க. 2015ல வந்த எக்ஸ்பான்ஸ் தொடர்ல ஏவுகணை, மின்சாரத்தால குண்டெறியுற ரெயில்கன், சுழல்துப்பாக்கிதான் சண்டை, லேசர் சேதி அனுப்பத்தான். அதுல ஏவுகணை வந்துக்கிட்டே இருக்கும், நிமிஷக்கணக்குல வரும், கப்பல்ல இருக்குறவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க. அம்பு நடுவானத்துல நிக்குற அந்த எடம் திரும்ப கெடச்சிருச்சு.

எனக்கு இன்னும் ஒரு ஆசை இருக்கு. நெஜ லேசர வச்சே ஒரு கதை எழுதணும், தமிழ்லயே. அந்த எட்டு பக்கத்த தூக்கிப் போட்டுட்டு புதுசா ஆரம்பிச்சிருக்கேன். 1000 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு கப்பல், ரெண்டும் சுட்டுக்கிட்டே இருக்கு, யாரு கண்ணுக்கும் ஒண்ணும் தெரியல. எதிரிய பாக்குற ஆள் கதைல இல்ல. தண்ணியோட சூட்ட பாக்குற பொண்ணு ஒருத்திதான் கதை. எவ்ளோ நேரம் நம்ம சுடலாம், எப்ப நிறுத்தி ஆற விடணும், நிறுத்துனா அவன் ஆறிருவானா, தகட்ட விரிச்சா அடிப்பானா, மடிச்சா நம்மளே வெந்துருவோமான்னு அவ ஒருத்திதான் முடிவெடுக்கணும். அம்பு பறக்குற நேரத்துல கெடைக்காத இடைவெளி இங்க சூடு ஏறுற நேரத்துல கெடைக்குது, அதுவும் நிமிஷக்கணக்குல, ஒருவேளை மணிக்கணக்குல.

லீவு முடிஞ்சு கெளம்புற அன்னிக்கு பையன் கடைக்கு வந்தான், அவன் பேர ஒரு சின்ன தேக்குத்துண்டுல அடிச்சுத் தரச் சொன்னான். மெஷின் ஓடிக்கிட்டு இருக்குறப்போ இந்தக் கதைய சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "மாமா, அப்ப எதிரி சுட ஆரம்பிச்சுட்டான்னு அந்தக்காவுக்கு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டான்.

"தெரியாதுடா. கப்பல் தோலு சூடாகும், அந்த சூடு தண்ணிக்கு வரும், அப்பதான் தெரியும்."

பலகைய பாக்குறத விட்டுட்டு ஸ்டூல சில்லர் பக்கம் திருப்பிக்கிட்டான். டிஸ்ப்ளேல 20.4 இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல 20.5.